ஈரம் ஏறாத தரை

எங்க வீட்டுக்காரருக்குக் கோழி மேல ஆசை வந்தது போன்ல வீடியோ பாத்துத்தான். அதுக்கு முன்னாடி கோழியை அவருக்குத் தட்டுல பாத்த பழக்கம் மட்டும்தான். இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல இருந்து வந்தா சட்டையைக்கூடக் கழட்டாம நாற்காலியில உக்காந்துடுவாரு. போன்ல எவனோ ஒருத்தன் தோட்டத்துல நின்னு கோழியைக் கொஞ்சுவான், இவரு இங்க உருகுவாரு. கட்டின நாள்ல இருந்து என்னை ஒரு தடவையாவது இப்படிப் பாத்திருக்காரான்னு யோசிச்சுப் பாத்தேன். ஒண்ணும் ஞாபகம் வரல.

ஒரு நாள் நிஜமாவே கோழிங்க வந்து எங்க பின்பக்கம் இறங்கிடுச்சு. வெள்ளை, கறுப்பு, செவலைன்னு ஒரு கூட்டம். அதுல ஒரு குண்டுக் கோழி, நெஞ்சை முன்னால தள்ளிக்கிட்டு நடக்கும், தீனி போட்டா மத்ததை எல்லாம் கொத்தி விரட்டிட்டுத்தான் திங்கும். அதுக்கு 'மேனேஜர்'னு பேர் வச்சாரு. ஆபீஸ்ல மேனேஜரைக் கண்டா இவருக்குக் கை கால் உதறும். வீட்டு மேனேஜரை மடியில தூக்கி வச்சுக்கிட்டுத் தடவிக் கொடுப்பாரு. எப்படியோ மனசு ஆறினா சரின்னு நானும் விட்டுட்டேன்.

என் விஷயத்தையும் சொல்லிடறேன். இல்லைன்னா நான் ஏன் இப்படிப் பொருமறேன்னு உங்களுக்குப் புரியாது. நான் துணி தைக்கிறவ. வீட்டோட பின்பக்கம் ஒட்டினாப்புல ஒரு ரூம் இருக்கு, முன்ன தட்டுமுட்டுச் சாமான் போட்டு வச்சிருந்தது. அதுலதான் என் மிஷின், வெட்டுற மேஜை, நூலு, துணி எல்லாம். எவன் போட்ட தரையோ, மண்ணு மேலேயே நேரா சிமெண்டைப் பூசி விட்டுட்டுப் போயிருக்கான். மழை வந்தா அந்த ரூம் மேல ஒழுகாது, கீழ இருந்து ஏறும். காலையில கதவைத் திறந்தா தரை வேர்த்துப்போய் நிக்கும். துணிக்கட்டைக் கீழ வச்சா அடியில பழுப்புக் கோடு விழுந்துடும், எந்தச் சோப்புக்கும் போகாது. அதனால துணி எல்லாத்தையும் ஒரு பழைய கட்டில் மேல ஏத்தி வச்சிருப்பேன். நான் மட்டும் அந்த ஈரத்துல வெறுங்காலோட பெடல் மிதிப்பேன்.

வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி சொல்லுவேன். "ஏங்க, அந்த ரூம் தரையைக் கொஞ்சம் பாருங்களேன்." அவரும் வருஷா வருஷம் "பாத்துக்கலாம்"னு சொல்லுவாரு. போன வருஷம் கொஞ்சம் கூடவே அக்கறை வந்து, "ஒரு சாக்கைப் போட்டுக்கோயேன்"னாரு. போட்டேன். தரையோட சேந்து சாக்கும் நனைஞ்சுச்சு.

இந்த வருஷம் எனக்கு ஒரு பெரிய வேலை கிடைச்சது. பக்கத்து ஸ்கூல்ல சின்னப் பிள்ளைங்க யூனிஃபார்ம் மொத்தமும் என்கிட்ட கொடுத்தாங்க. நீலப் பாவாடை, நீல டவுசர், எல்லாருக்கும் வெள்ளைச் சட்டை. ஸ்கூல் மேடம் ரெண்டு விஷயம்தான் சொன்னாங்க. ஸ்கூல் திறக்கறதுக்கு முன்னாடி வந்து சேரணும். வெள்ளைச் சட்டையில ஒரு கறை இருந்தாக்கூட அடுத்த வருஷம் வேற ஆளைப் பாத்துக்குவாங்க. சரி மேடம்னு தலையை ஆட்டிட்டு வந்துட்டேன். வந்து என் தரையைப் பாத்தேன். இந்த வேலை கை விட்டுப் போச்சுன்னா மறுபடி கிழிஞ்ச பேண்டுக்கு ஜிப் மாத்திக்கிட்டே காலத்தை ஓட்ட வேண்டியதுதான்.

சரியா அந்த நேரம் பாத்து எலி வந்துச்சு.

என் ரூமுக்கு இல்ல, கோழிக் கூண்டுக்கு. மண்ணைத் தோண்டிக்கிட்டு உள்ள பூந்து முட்டையைத் தூக்கிட்டுப் போயிடுச்சு. காலையில அதைப் பாத்துட்டு எங்க வீட்டுக்காரர் இடிஞ்சுபோய் உக்காந்துட்டாரு. டீயைக் கையில கொடுத்தா வாங்கல. கொஞ்ச நேரம் கழிச்சு எந்திரிச்சு, "இனிமே மண் தரை கிடையாது. காலத்துக்கும் நிக்கிற மாதிரி, தண்ணி ஊத்திக் கழுவற மாதிரி, சொட்டு ஈரம் எறங்காத மாதிரி ஒரு தரை போட்டே தீருவேன்"னாரு. சபதம் போட்ட ராஜா மாதிரி நின்னாரு, கையில உடைஞ்ச முட்டை ஓடு.

"கூண்டுக்கா?"ன்னு கேட்டேன்.

"கூண்டுன்னு சொல்லாத. கோழி வீடு."

உடனே பாலம் அண்ணனுக்குப் போன் போச்சு. அவரு என் நாத்தனார் வீட்டுக்காரர், முறைக்கு எனக்கு அண்ணன். கட்டட வேலையில சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆனவரு. வாழ்நாள்ல ஒரே ஒரு பாலம் கட்டினாரு, அதுவும் ஒரு ஆடு தாண்டற ஓடைக்கு மேல. ஆனா அவர் வாயைத் திறந்தா முதல்ல அந்தப் பாலம்தான் வரும். அன்னைக்கும் செருப்பைக் கழட்டறதுக்குள்ள, "பாலம் கட்டும்போது நான் என்ன பண்ணினேன்னா மாப்ள..."ன்னு ஆரம்பிச்சுட்டாரு.

அடுத்த பல நாளுக்கு எங்க ஹால் ஹாலா இல்ல. கடை கடையா ஏறி இறங்கித் தரைச் சாம்பிளா வாங்கிட்டு வந்து பரப்பினாங்க. கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கறப்பகூட இவ்வளவு அலசியிருக்க மாட்டாங்க. என்னை ஒரு தடவை பாத்துட்டு டீ குடிக்கறதுக்குள்ள சரின்னவருதான் இவரு.

பளபளன்னு ஒரு டைல்ஸ். அது மேல மேனேஜரை நிறுத்தினாங்க. மேனேஜருக்கு ஒரு கால் கிழக்க போச்சு, ஒரு கால் மேற்க போச்சு, வயிறு போய்த் தரையில ஒட்டிக்கிச்சு. "ஐயையோ, இடுப்பு!"ன்னு இவரு அலறிக்கிட்டே போய்த் தூக்கினாரு. நான் ஒரு தடவை இதே ஹால்ல வழுக்கி விழுந்தப்ப "பாத்து நடக்கக் கூடாதா"ன்னாரு. அதை விடுங்க.

மரப்பலகை வேணாம், ஊறி உளுத்துப்போகும், இடுக்குல பேன் அடையும்னு அண்ணன் தள்ளிட்டாரு. ரப்பர் பாய் வந்துச்சு, கோழி பிச்சுப் பிச்சுத் தின்னுடுச்சு. பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு ஒண்ணு வாங்கிட்டு வந்தாங்க. கோழிங்க அந்தப் பூவை எல்லாம் பூச்சின்னு நினைச்சுக் கொத்தோ கொத்துன்னு கொத்தி, ஒரே நாள்ல சல்லடை ஆக்கிடுச்சுங்க. கடைசியில எது சுத்தமாக் கழுவ வருதுன்னு பாக்கணுமாம். மிச்சம் இருந்த சாம்பிள் எல்லாத்துலயும் கோழி எச்சத்தைப் பூசி வரிசையாக் காய வச்சாரு. எங்க? சாப்பிடற மேஜைக்குப் பக்கத்துல. அந்த வாரம் பூரா நான் மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் சோறு தின்னேன்.

முடிவா காங்கிரீட்னு ஆச்சு. சும்மா காங்கிரீட் இல்ல. அண்ணன் ஒரு காகிதத்துல அடுக்கடுக்காப் படம் போட்டு விளக்கினாரு. கீழ ஜல்லி, அது மேல கனமான பிளாஸ்டிக் ஷீட், அது மேல காங்கிரீட், அது மேல தண்ணி இறங்காத பூச்சு, அதுக்கும் மேல கோழிக்கால் வழுக்காம சொரசொரப்பா இன்னொரு பூச்சு.

"அந்த ஷீட் எதுக்கு மாமா?"ன்னு இவரு கேட்டாரு.

"அதுதான் மாப்ள முக்கியம். மேல இருந்து வர்ற தண்ணியை விடக் கீழ இருந்து ஏறுற ஈரம்தான் மோசம். கண்ணுக்குத் தெரியாது. நைசா ஏறி எல்லாத்தையும் கெடுத்துடும்."

எங்க வீட்டுக்காரர் வாயைப் பிளந்துட்டுக் கேட்டாரு. கீழ இருந்து ஈரம் ஏறும்கறதை அன்னைக்குத்தான் முதல் தடவையாக் கேக்கற மாதிரி. டீயோட நின்னவளுக்குப் பொறுக்கல.

"அண்ணே, என் ரூமுலயும் இதே கதைதான். அப்படியே அந்த ஷீட்டை அங்கயும்..."

"குறுக்க பேசாத. லெவல் சொல்லிக்கிட்டு இருக்காரு"ன்னாரு என் புருஷன். அண்ணன் டீயை வாங்கிக்கிட்டு, "தங்கச்சி, சக்கரை கொஞ்சம் கம்மி"ன்னாரு.

வேலை ஆரம்பிக்கறப்பதான் அடுத்த இடி. பழைய கூண்டைப் பிரிச்சா கோழி எங்க போகும்? ரெண்டு பேரும் என் ரூமைத் திரும்பிப் பாத்தாங்க.

"ஏங்க, அங்க ஸ்கூல் துணி இருக்கு. வெள்ளைத் துணி."

"துணி கட்டில் மேலதானே இருக்கு. கோழி தரையிலதானே இருக்கும்."

இதைக் கோழிகிட்ட யாரும் சொல்லல போல. சாயங்காலம் போய்ப் பாத்தா மேனேஜர் கட்டில் மேல ஏறி, வெட்டி வச்ச காலர்க் கூடைக்குள்ள சப்பணம் போட்டு உக்காந்திருக்கு. கீழ ஒரு முட்டை வேற. நான் கத்தின கத்துல தெருவே எட்டிப் பாத்துச்சு. இவரு ஓடி வந்து முட்டையை எடுத்துக்கிட்டு, "சத்தம் போடாத, பயந்துட்டா முட்டை விடாது"ன்னாரு. நான் பழைய போர்வை எல்லாத்தையும் எடுத்துத் துணி மேல போத்தி, கட்டிலைச் சுத்திக் கயிறு கட்டி, ஒரு கையால கோழியை விரட்டிக்கிட்டே இன்னொரு கையால தைச்சேன்.

மேஸ்திரி வந்தாரு. எது சொன்னாலும் "சரிங்க"ங்கற ஆளு. சுத்தி முழங்கால் உயரத்துக்குச் செங்கல் சுவர், வெளித் தண்ணி உள்ள வராம வாசல்ல ஒரு மேடு, மேல கம்பி வலை, அதுக்கு மேல தகரக் கூரை. கூரையை மட்டும் நல்லா உயரமா வைக்கச் சொன்னாரு இவரு. ஆளு நிமிந்து நின்னு கூட்டணுமாம். ஆளுன்னா யாருன்னு நான் கேக்கவே இல்ல. ஜல்லி, ஷீட், காங்கிரீட், பூச்சுன்னு அண்ணன் சொன்ன அடுக்கு எல்லாம் ஒண்ணு விடாமப் போட்டாங்க. ரசமட்டம் வச்சு அண்ணன் மண்டி போட்டுப் பாத்தாரு. ஒரு இம்மி சரிவு இல்ல. "பாலத்துல கூட இந்த லெவல் வரல மாப்ள"ன்னு கண்கலங்கினாரு.

பூச்சு இறுகினதும் அண்ணன், "தண்ணி கட்டிப் பாக்கணும்"னாரு. மாடிக்கெல்லாம் பண்ணுவாங்களாம், தண்ணியை ரொப்பி விட்டுட்டு இறங்குதான்னு பாக்கறது. குழாயைப் போட்டு வாசல் மேடு வரைக்கும் ரொப்பினாங்க. ஒரு முழு நாள் விட்டாங்க. மறுநாள் எல்லாரும் சுத்தி நின்னு பாத்தா, ஒரு சொட்டு குறையல. கை தட்டினாங்க. மேஸ்திரியும் தட்டினாரு. என் புருஷன் போட்டோ எடுத்து ஆபீஸுக்கு அனுப்பினாரு.

"ரொம்ப நல்லா இருக்கு. இப்ப இந்தத் தண்ணி எந்த வழியா வெளிய போகும்?"ன்னு கேட்டேன்.

அண்ணன் தாடையைத் தடவினாரு. இவரு அண்ணனைப் பாத்தாரு, அண்ணன் மேஸ்திரியைப் பாத்தாரு, மேஸ்திரி "சரிங்க"ன்னாரு. கழுவிக் கழுவி விடறதுக்குன்னே கட்டின தரையில தண்ணி போக ஒரு ஓட்டை வைக்க ஒரு ஆளுக்கும் தோணல. அவங்க யோசனை எல்லாம் தண்ணி உள்ள வரக் கூடாதுங்கறதுலயே இருந்திருக்கு.

"கோழிக்குப் பதிலா வாத்து வாங்கிடலாம்"னேன்.

"சிரிக்காத தங்கச்சி. ஓட்டை வச்சா அது தண்ணி இறங்காத தரையே இல்ல"ன்னாரு அண்ணன், கோவமா. அப்புறம் டியூபைத் தண்ணிக்குள்ள விட்டு வாயால உறிஞ்சி இழுத்தாரு. இழுத்த வேகத்துல ஒரு வாய் சிமெண்ட் தண்ணி உள்ள போயிடுச்சு. அன்னைக்கு மிச்ச நேரம் பூரா பாலத்தைப் பத்திப் பேச்சே இல்ல. மேஸ்திரி மெதுவா உளியை எடுத்துட்டு வந்து சுவரோரமா ஒரு ஓட்டை போட்டுக் குழாய் வச்சாரு.

சரி, முடிஞ்சுதே, கோழியைக் கூட்டிட்டுப் போங்கன்னேன். இல்லையாம். பூச்சு வாசனை அடங்கணுமாம். "கோழிக்கு மூச்சு முட்டும். ஒரு வாரம் ஆகட்டும்."

அந்த வாரத்துலதான் மழை பிடிச்சுக்கிச்சு. சும்மா தூறல் இல்ல, ஊத்து ஊத்துன்னு ஊத்துச்சு. ஒரு காலையில என் ரூம் கதவைத் திறந்தேன். தரை வேர்க்கல, தண்ணியே நின்னுச்சு. கோழி எச்சம் அதுல கரைஞ்சு மிதக்குது. கோழிங்க எல்லாம் கட்டில் மேல. போத்தி வச்ச போர்வையோட ஒரு முனை கீழ தொங்கி, திரி மாதிரி ஈரத்தை இழுத்து மேல ஏத்தியிருக்கு. அடிக்கட்டைப் பிரிச்சுப் பாத்தேன். நாலஞ்சு வெள்ளைச் சட்டையில பழுப்புக் கோடு. அங்கேயே நின்னு ஓன்னு அழுதுட்டேன். கோழிங்க என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சுங்க.

அழுது முடிச்சு நிமிந்தா, ஜன்னல் வழியா எதிர்ல தெரியுது கோழி வீடு. இந்த மழையிலயும் உள்ள காஞ்சு கிடக்கு. காத்து வருது, வெளிச்சம் வருது, எங்க வீட்டுலயே உருப்படியான தரை அது ஒண்ணுதான். நான் யாரையும் கேக்கல. மிஷினை இழுத்தேன், மேஜையைத் தூக்கினேன், துணிக்கட்டை மார்போட அணைச்சு மேல பிளாஸ்டிக் பையைப் போத்திக்கிட்டு ஓடி ஓடிக் கொண்டுபோய் வச்சேன். ஹால்ல இருந்து ஒயர் இழுத்து லைட் போட்டேன். கறை பட்ட சட்டைக்கு மீதித் துணியில மறுபடி வெட்டினேன். காய்ஞ்ச தரையில முதல் தடவையாக் காலை வச்சுப் பெடலை மிதிச்சேன். அடேங்கப்பா, அந்தச் சுகத்தை எப்படிச் சொல்றது!

சாயங்காலம் இவரு வந்து பாத்தாரு. பூச்சு வாசனை எனக்கு மூச்சு முட்டுதான்னு கேப்பாருன்னு ஒரு நப்பாசை. குனிஞ்சு மிஷின் காலைப் பாத்தாரு. "கீறிடப் போகுது. அடியில ஏதாவது போட்டுக்கோ"ன்னாரு.

மறுநாளும் அங்கதான் தைச்சேன், அதுக்கு மறுநாளும். இன்னும் கொஞ்சம் சட்டைக்குப் பட்டன் வைக்கறது மட்டும்தான் பாக்கி. அன்னைக்கு லீவு நாள். காலையில கோழிக்குத் தீனி போட என் ரூமுக்குள்ள போனவரு, பேயறைஞ்ச மாதிரி வெளிய வந்தாரு. கையில மேனேஜர்.

"நொண்டுது"ன்னாரு. "கால்ல பாரு, விரல் இடுக்கெல்லாம் ஊறி வெந்துபோயிருக்கு. அந்த ரூம் தரையைப் பாத்தியா நீ? தண்ணி நிக்குது! ஒரு உயிர் எப்படி இருக்கும் அதுல?"

நான் ஊசியைக் கீழ வச்சேன்.

"எந்திரி. மிஷினை எடுத்துட்டு நீ உன் ரூமுக்குப் போ. கோழி இனி ஒரு நிமிஷம் அங்க இருக்கக் கூடாது."

"நான் இருக்கலாமா?"

"என்ன?"

"அந்தத் தரையிலதான் நான் இத்தனை வருஷமாக் காலை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்." காலைத் தூக்கிக் காட்டினேன். விரல் இடுக்குல புண்ணு ஆறி, வெடிச்சு, மறுபடி புண்ணு வந்த தடம். "இதைப் பாத்திருக்கீங்களா?"

அவரு பாத்தாரு. நிஜமாவே முதல் தடவையாப் பாக்கறாருன்னு தெரிஞ்சுச்சு. கொஞ்சம் ஆடித்தான் போனாரு.

"நீ சொல்லவே இல்லையே?"ன்னாரு.

எனக்கு வந்த கோவத்துக்குக் கத்திரிக்கோலை எடுத்து வீசியிருக்கணும். வருஷா வருஷம் சொன்னது எல்லாம் கிணத்துல போட்ட கல்லு.

"நான்தான் சொல்லல. கோழி மட்டும் வாயைத் திறந்து சொல்லிச்சா உங்ககிட்ட?"

யோசிச்சாரு. நல்லா யோசிச்சாரு. அப்புறம் ரொம்ப நியாயமா, மேனேஜரைத் தடவிக்கிட்டே சொன்னாரு.

"அது நொண்டுச்சே."

அந்த மூஞ்சியில கள்ளம் கபடமே இல்ல. அதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. வேணும்னே பண்ணியிருந்தாக்கூடச் சண்டை போட்டுத் தீத்திருப்பேன். நான் எந்திரிச்சேன். போகப் போறேன்னு நினைச்சு அவரு வழி விட்டு நின்னாரு. வெட்டுற மேஜையை இழுத்து வாசலுக்குக் குறுக்கப் போட்டேன். உக்காந்து பட்டன் வைக்க ஆரம்பிச்சேன். வலைக்கு அந்தப் பக்கம் நின்னு ரொம்ப நேரம் கூப்பிட்டுப் பாத்தாரு.

யூனிஃபார்ம் போய்ச் சேந்துச்சு. மேடம் ஒவ்வொரு சட்டையா வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாங்க, அடுத்த வருஷமும் நீங்களே தைங்கன்னாங்க. நான் திரும்பி வந்து கோழி வீட்டுலயே உக்காந்தேன், இன்னும் அங்கதான் இருக்கேன். கோழிங்க இப்ப ஹால்ல இருக்கு. மேனேஜருக்குக் காலையும் மாலையும் வெந்நீர் ஒத்தடம், மருந்து எல்லாம் நடக்குது. ஹால் டைல்ஸ்ல அதுங்களுக்கு வழுக்குதாம், அதனால பாலம் அண்ணன் டேப்பைத் தூக்கிட்டு வந்து ஹாலை அளந்துக்கிட்டு இருக்காரு. என் பழைய ரூம் பக்கம் இன்னும் ஒருத்தரும் டேப்பை எடுத்துட்டுப் போகல.